நண்டு என்றால் மூன்றா, ஐந்தா, பதினைந்தா?

வேதாளையில் நாங்கள் காக்கா என்று அழைக்கும் அண்ணன் நடத்தும் நண்டு கம்பெனியில் போன வாரம் கணக்குப்பிள்ளை ஐயா 23 வல்லங்களின் (நாட்டுப்படகுகளின்) எடைப் பட்டியலைத் திரையில் தேர்ந்தெடுத்தார். கண்ட்ரோல்-சி அழுத்தினார். தூத்துக்குடி நிறுவனத்துக்குப் போகும் மின்னஞ்சலில் ஒட்டினார். 23 வல்லமும் கட்டம் கட்டமாக வந்து உட்கார்ந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த பெட்டியை எடை போடப் போய்விட்டார். அந்த ஒரு ஒட்டலுக்காக நான் செலவழித்தது ஏறக்குறைய 46 மணி நேரம்.

கம்பெனி என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, எலக்ட்ரானிக் தராசு, நண்டு வேகவைக்கும் அண்டா, ஐஸ் பெட்டிகள், மூலையில் ஒரு பழைய கணினி. எங்கள் கடற்கரையில் நண்டு வாங்கி அனுப்பும் இடத்துக்கு அதுதான் பெயர். வடகடலிலிருந்தும் தென்கடலிலிருந்தும் வரும் நண்டை எடை போட்டு, சீட்டு எழுதி, அந்தச் சீட்டைக் கம்பியில் குத்தி வைப்பார்கள். பிறகு ஐயா அதே எண்களை எக்செலில் ஒரு முறை, மின்னஞ்சலில் ஒரு முறை, வாட்ஸ்அப்பில் ஒரு முறை என்று மூன்று தடவை தட்டச்சு செய்வார். எந்த வல்லத்தின் பெட்டி எந்த வண்டியில் ஏறுகிறது என்பது தனி நோட்டில் இருக்கும். இதையெல்லாம் ஒரே நிரலில் அடக்கித் தருகிறேன் என்று காக்காவிடம் வாய்விட்டுவிட்டேன். பட்டியலை நகலெடுத்து எங்கும் ஒட்டலாம், வல்லத்தை இழுத்து வண்டியில் போடலாம், சீட்டின் படத்தை இழுத்து வல்லத்தின்மேல் விடலாம் என்பவை வாக்குறுதிகள்.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய நாட்களில்தான் வேலை நடந்தது. வல்லங்கள் கரையில் கிடக்கும்போதுதான் அந்தக் கணினி என் கைக்கு வரும். உச்சிப்புளியிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன்.

முதல் வடிவத்தைப் பைத்தான் நிரல்மொழியோடு வரும் டிகேஇண்டர் என்ற சாளரக் கருவியில் எழுதினேன். அதில் நகலெடுப்பது இரண்டே வரி: நகலெடுத்தது தங்கும் கிளிப்போர்டைக் காலி செய், எழுத்தைச் சேர். வல்லத்தின் பெயர், சீட்டு எண், எடை ஆகியவற்றுக்கு நடுவே டேப் விசையின் இடைவெளி வைத்தேன். எக்செலில் ஒட்டினால் அழகாக மூன்று நெடுவரிசையாக விழுந்தது. அன்று மாலையே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் தூத்துக்குடியிலிருந்து தொலைபேசி வந்தது. மார்ச் மாத நண்டை நவம்பரில் ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் சீட்டு எண் 7/3 என்பது ஏழாவது வல்லத்தின் மூன்றாவது பெட்டி. எக்செல் அதை மார்ச் 7 என்று படித்துக்கொண்டது. மின்னஞ்சலில் ஒட்டியபோதோ கட்டமே இல்லை, எல்லாம் ஒரே கூட்டமாகக் கிடந்தது.

கிளிப்போர்டு என்றால் ஒரு பொருளை வைத்து எடுக்கும் பலகை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அது எங்கள் கொட்டகை மாதிரி. ஒரே நண்டை உயிரோடும் வைத்திருப்போம், வேகவைத்தும் வைத்திருப்போம், சதையாகப் பிரித்தும் வைத்திருப்போம். வாங்க வருகிறவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். நகலெடுக்கும் நிரல் ஒரே பட்டியலைப் பல உருவங்களில் அடுக்கி வைக்கிறது, ஒட்டும் நிரல் தனக்குப் பிடித்த உருவத்தை எடுக்கிறது. எக்செலும் மின்னஞ்சலும், வலைப்பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல் இருந்தால் அதை எடுக்கும். வாட்ஸ்அப்பும் நோட்பேடும் வெறும் எழுத்தை எடுக்கும். நான் வெறும் எழுத்தை மட்டும் வைத்திருந்தேன், அதனால் எல்லோரும் அதையே எடுத்துக்கொண்டு அவரவர் இஷ்டத்துக்குப் புரிந்துகொண்டார்கள்.

டிகேஇண்டரில் ஹெச்டிஎம்எல் வைக்க எளிய வழி கிடைக்கவில்லை. எனவே பைவின்32 என்ற பைத்தான் துணைத்தொகுப்பு வழியாக விண்டோஸை நேரடியாகப் பிடித்தேன். விண்டோஸில் ஹெச்டிஎம்எல்லை வைப்பதற்கு ஒரு சடங்கு உண்டு. உள்ளடக்கத்துக்கு முன்னால் ஒரு தலைப்பு எழுத வேண்டும். ஹெச்டிஎம்எல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அதற்குள் ஒட்ட வேண்டிய துண்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று நான்கு எண்கள். எண்களைக் கணக்கிட்ட பிறகு தலைப்பின் நீளமே மாறிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றையும் முன்னால் சுழியம் நிரப்பி 10 இலக்கமாக எழுதினேன். இந்த இடத்தில் மட்டும் நான் கெட்டிக்காரன்.

வீட்டில் சோதித்தபோது வல்லங்களுக்கு ஆங்கிலத்தில் பொய்ப் பெயர் வைத்திருந்தேன். கச்சிதமாக வேலை செய்தது. கொட்டகையில் உண்மையான பட்டியலைப் போட்டு 14 வல்லம் அனுப்பினோம், 9 தான் போய்ச் சேர்ந்தது. பத்தாவதின் பெயர் பாதியில் நின்று, கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறியோடு முடிந்திருந்தது. மீதி 5 வல்லக்காரர்களின் நண்டு எங்கே என்று காக்கா என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இரண்டு மாலைகள் தவறான இடத்தில் தேடினேன். மின்னஞ்சலுக்கு நீள வரம்பு இருக்குமோ என்று பார்த்தேன். கட்டங்களின் குறியீடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எண்களைத் தாளில் எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அந்த நான்கு எண்களும் எழுத்துக் கணக்கல்ல, கணினி சேமிக்கும் அலகான பைட் கணக்கு. நான் பைத்தானிடம் நீளம் கேட்டு எழுதியிருந்தேன். 'நண்டு' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தானைக் கேட்டால் ஐந்து என்கிறது, ஏனெனில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள். குறியீடுகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறைக்கு மாற்றினால் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், ஆக 15. ஆங்கிலத்தில் மூன்று கணக்கும் ஒன்றே என்பதால் என் பொய்ப் பட்டியல் தேறிவிட்டது. தமிழ்ப் பெயர் கூடக் கூட, முடிவு என்று நான் சொன்ன இடம் உண்மையான முடிவுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. சொல்லை முதலில் பைட்டாக மாற்றி, பிறகு அளந்தேன். திருத்தம் ஒரே வரி.

அதே வாரத்தில் இன்னொரு சில்லறைத் தொந்தரவு. சில நேரம் கிளிப்போர்டைத் திறக்கவே முடியாது என்று நிரல் நின்றுவிடும். விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் கிளிப்போர்டைத் திறந்து வைத்திருக்க முடியும். அந்தக் கணத்தில் வேறொன்று பிடித்திருந்தால் நமக்கு இடமில்லை. 50 மில்லிநொடி இடைவெளியில் ஐந்து முறை முயன்று பார்க்கச் சொன்னேன், அதோடு சரியானது.

பிறகு இழுத்து விடும் வேலைக்காக முழு நிரலையும் பைசைட் 6-க்கு மாற்றினேன், அது க்யூட்டி என்ற சாளரக் கருவித்தொகுப்பைப் பைத்தானில் பயன்படுத்தும் வழி. அதில் ஹெச்டிஎம்எல்லைக் கொடுத்தால் போதும், அந்த 10 இலக்கத் தலைப்பைக் க்யூட்டி தானே எழுதிக்கொள்கிறது. நான் இரண்டு மாலை உட்கார்ந்து கண்டுபிடித்ததைத் தூக்கிப் போட்டேன். வருத்தம்தான்.

7/3 மார்ச் ஆவதைத் தடுக்க, அந்தக் கட்டத்தின் ஹெச்டிஎம்எல் பாணியில் 'எம்எஸ்ஓ-நம்பர்-ஃபார்மட்' என்ற பண்பைச் சேர்த்து, இது எழுத்து, எண் அல்ல என்று குறித்தேன். எக்செல் அதை மதிக்கிறது, மின்னஞ்சல் கண்டுகொள்வதில்லை. எக்செலுக்கு ஹெச்டிஎம்எல் போய்விடுவதால் வெறும் எழுத்து உருவத்தில் டேப் வைக்கும் கட்டாயம் தீர்ந்தது. அதை வாட்ஸ்அப்புக்கு ஏற்ப, வரிக்கு ஒரு வல்லம், பெயர், கோடு, எடை என்று மாற்றிவிட்டேன். யாராவது எக்செலில் வெறும் எழுத்தாக ஒட்டினால் எல்லாம் ஒரே நெடுவரிசையில் விழும். ஐயா அப்படி ஒட்டுவதில்லை, எனவே விட்டுவிட்டேன்.

என் மடிக்கணினியில் லினக்ஸ். அங்கே நகலெடுத்துவிட்டு நிரலை மூடினால் ஒட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. லினக்ஸில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ்11 முறையில் சரக்கு நகலெடுத்த நிரலின் கையிலேயே இருக்கிறது. யாராவது ஒட்டும்போதுதான் எடுத்துக் கொடுக்கும், கடையை மூடினால் வியாபாரம் இல்லை. கிளிப்போர்டு மேலாளர் என்று தனி நிரல் ஓடினால் அது வாங்கி வைத்துக்கொள்ளும். என்னிடம் அது ஓடவில்லை. கொட்டகையில் விண்டோஸ் என்பதால் இதை மேலும் கிளறவில்லை.

உள்ளே ஒட்டுவதிலும் அடி வாங்கினேன். ஐயாவின் பழைய எக்செல் கோப்பிலிருந்து ஒரு மாதக் கணக்கை என் நிரலுக்குள் ஒட்டியபோது மொத்தத்தில் 310 கிராம் இடித்தது. எக்செல் வெறும் எழுத்தாகக் கொடுப்பது கட்டத்தில் கண்ணுக்குத் தெரிவதை. உள்ளே 18.450 இருந்தாலும், ஒரு தசமம் மட்டும் காட்டும்படி அமைத்திருந்தால் வருவது 18.5. எக்செல் அடுக்கி வைக்கும் உருவங்களில் 'எக்ஸ்எம்எல் ஸ்ப்ரெட்ஷீட்' என்று ஒன்று உண்டு, அதில் முழு மதிப்பு இருக்கிறது. இப்போது முதலில் அதைத் தேடுகிறேன், கிடைக்காவிட்டால்தான் எழுத்து. எழுத்தாக வந்தால் கடைசியில் ஒரு வரி முறிப்பு ஒட்டிக்கொண்டு வரும். அதை வெட்டாமல் விட்டதில் பெயரில்லாத, எடையில்லாத வல்லம் ஒன்று தினமும் பட்டியலில் சேர்ந்துகொண்டிருந்தது. பழைய கோப்பின் சில பக்கங்கள், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டும் பழைய பாமினி எழுத்துருவில் இருந்தன. அவை ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தன. அந்தப் பக்கங்களின் பெயர்களைக் கையால் தட்டச்சு செய்தேன், மாற்றி எழுத நிரல் தேடும் பொறுமை அன்று இல்லை.

இனி இழுப்பது. சீட்டின் படத்தைக் கோப்புறையிலிருந்து இழுத்து வந்தால் சுட்டியில் தடை வட்டம் விழுந்தது. கோப்பு உள்ளே நுழையும்போது 'ஏற்கிறேன்' என்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லியிருந்தேன். க்யூட்டியின் அட்டவணைகளில் உள்ளே நகரும்போதும் சொல்ல வேண்டும் என்பது தெரியாது. அதையும் எழுதினேன், என் கணினியில் வேலை செய்தது. கொட்டகையில் மறுபடி தடை வட்டம். ஒரு முழு நாள் போனது. கடைசியில் பார்த்தால், அங்கே குறுக்குவழிப் படவுருவில் 'நிர்வாகியாக இயக்கு' என்று நானே முன்பு எதற்காகவோ குறியிட்டிருக்கிறேன். சாதாரண உரிமையில் ஓடும் கோப்புறைச் சாளரத்திலிருந்து நிர்வாகி உரிமையில் ஓடும் நிரலுக்குள் இழுத்து விட விண்டோஸ் அனுமதிக்காது. பிழைச் செய்தியும் தராது. குறியை எடுத்தேன், படம் விழுந்தது.

கைபேசியை யூஎஸ்பி கம்பியில் செருகி, அதன் கோப்புறையிலிருந்து நேராக இழுத்தால் இன்றுவரை விழவில்லை. அப்படி வரும் படத்துக்கு வட்டில் ஒரு பாதை கிடையாது. கோப்பின் பெயரும் விவரமும் ஓர் உருவமாகவும், உள்ளடக்கம் வேறோர் உருவமாகவும் வருகின்றன, என் நிரல் பாதையைத்தான் கேட்கிறது. படங்களை முதலில் மேசைத்திரையில் உள்ள ஒரு கோப்புறைக்குள் போடுங்கள் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டேன். இது தோல்வி, வேறு பெயர் வைக்க முடியாது.

வல்லத்தை இழுத்து வண்டியில் போடும் பகுதிதான் பெரிய சேதத்தை உண்டாக்கியது. க்யூட்டியின் அட்டவணையில் இழுப்பதை இயக்கிவிட்டு, ஒரு வண்டியின் பட்டியலிலிருந்து மற்றொன்றுக்கு இழுத்தேன். புதிய வரிசையாகச் சேரும் என்று பார்த்தால், கீழே இருந்த வல்லத்தின்மேல் போய் உட்கார்ந்து அதை அழித்துவிட்டது. அட்டவணைகளில் மேலெழுதுவதுதான் இயல்பு அமைப்பாம். நல்லவேளை, அது சோதனைப் பட்டியல். அந்த அமைப்பை அணைத்துவிட்டு, விடும் வேலையை நானே எழுதினேன். அப்போது வல்லம் இரண்டு இடத்திலும் இல்லாமல் போனது. 'நகர்த்து' என்ற வகையில் இழுப்பு முடிந்தால், புறப்பட்ட அட்டவணை தன் வரிசையைத் தானே நீக்கிக்கொள்கிறது. நானும் நீக்கியிருந்தேன். இருவரும் நீக்கியதில் 18 கிலோ 450 கிராம் நண்டு மாயமானது.

அன்று மதியம் கொட்டகையில் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி மாறினால் அங்கே யாரும் உடனே பெட்டியைத் தூக்குவதில்லை. சீட்டில் வண்டி எண்ணை அடித்து எழுதுகிறார்கள், பெட்டி அதன் நேரம் வரும்போது போகிறது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அழித்தேன். இழுக்கும்போது இப்போது போவது வல்லத்தின் எண் மட்டும்தான், நான் வைத்த தனிப் பெயரில் ஓர் உருவமாக. விடும்போது தரவுத்தளத்தில் அந்த எண்ணுக்கு எதிரே உள்ள வண்டி எண் மாறுகிறது, இரண்டு பட்டியல்களும் தரவுத்தளத்தைப் படித்துப் புதிதாக வரைந்துகொள்கின்றன. அட்டவணை தானாக நீக்கிவிடாமல் இருக்க, நடந்தது 'நகல்' என்று அதனிடம் பொய் சொல்கிறேன். 140 வரி இருந்த இடத்தில் 35 வரி.

அதன் பிறகும் சில வல்லங்கள் தவறான வண்டியில் விழுந்தன. ஐயா இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் கை நழுவியதுபோல் விழும். அவர் கைமேல்தான் பழி போட்டேன். ஈரக் கை, துண்டில் துடைத்துவிட்டு வருவார். சொடுக்கும்போதே சுட்டி நகர்ந்து இழுப்பாக மாறிவிடுகிறது என்று முடிவு கட்டினேன். க்யூட்டியில் 10 பிக்சல் நகர்ந்தால் இழுப்பு தொடங்கும், அதை 24 ஆக்கினேன். தெரியாமல் தொடங்கும் இழுப்புகள் நின்றன. பாதி வழியில் விழுவது நிற்கவில்லை.

பொத்தான் அழுந்தும் நேரத்தையும் விடுபடும் நேரத்தையும் ஒரு கோப்பில் எழுதவிட்டேன். ஒரு மணி நேர இழுப்பில் 11 இடங்களில் பொத்தான் விடுபட்டு, 15 முதல் 40 மில்லிநொடிக்குள் மறுபடி அழுந்தியிருந்தது. எந்த விரலும் அப்படிச் செய்யாது. மவுஸைத் திருப்பி, அடி ஒட்டுத்தாளுக்குக் கீழே ஒளிந்திருந்த திருகைக் கழற்றினேன். இடது பொத்தானின் சிறு சுவிட்சை ஊசியால் நெம்பித் திறந்தால், உள்ளே இருக்கும் செம்புத் தகட்டில் பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்று கதவு தட்டிவிட்டு வராது. 90 ரூபாய்க்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கி, காது குடையும் பஞ்சில் தொட்டுத் துடைத்து, தகட்டை லேசாக வளைத்து மூடினேன். 9 நாள் நன்றாக ஓடியது, பத்தாம் நாள் பழைய குணம். 380 ரூபாய்க்குப் புது மவுஸ் வாங்கினோம். இன்னொன்று வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

ஆக, கைக்காசு 850 ரூபாய், பஸ் தனி. மறுபடி எழுதினால் முதல் நாளே உண்மையான தமிழ்ப் பெயர்ப் பட்டியலோடு தொடங்குவேன். பைவின்32 பக்கமே போக மாட்டேன். இழுப்பதற்கு முன்னால் விசைப்பலகை வழியையும், செய்ததை மீட்கும் கண்ட்ரோல்-இசட்டையும் எழுதிவிடுவேன். இவை இரண்டையும் கடைசியில்தான் சேர்த்தேன். இப்போது ஐயா வல்லத்தை இழுப்பதே இல்லை. வரிசையில் நின்று கண்ட்ரோல்-எக்ஸ், வண்டியில் போய் கண்ட்ரோல்-வி. எக்ஸ் அழுத்தியதும் அந்த வரிசை மங்கலாகும், வி அழுத்தும்வரை எங்கும் போகாது. அதுவும் அதே எண்தான், அதே 35 வரிதான்.

காக்கா மட்டும் இழுத்து விளையாடுகிறார். நேற்று ஒரு வல்லத்தை மூன்று வண்டிக்கும் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, "தம்பி, கைபேசியிலிருந்து படம் எப்போது விழும்?" என்று கேட்டார். அடுத்த கூண்டு ஏறட்டும் காக்கா என்றேன்.